ஆடிக் காற்றும் நான்கு அண்டாக்களும்

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் கூடாரம் போட்டு உட்கார வேண்டிய அவசியம் பொதுவாக யாருக்கும் வராது. எங்களுக்கு வந்தது. என் மாமனார் நெஞ்சில் சளி கட்டி, புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்துவிட்டு, ஆடி பிறந்து பத்து நாள் கழித்து வீடு திரும்பினார். காற்று படக் கூடாது, குளிர் ஆகவே ஆகாது என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். மாமனார் பணிவாகத் தலையாட்டினார். ஆட்டோவில் ஏறியதும், பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றைப் பார்க்காவிட்டால் மாத்திரையைத் தொடுவதில்லை என்று அறிவித்தார். முப்பது ஆண்டு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சொன்ன நிறுத்தம் தவிர வேறெங்கும் இறங்க மாட்டார்.

என் மனைவி மல்லிகா அந்தப் பதினோரு இரவும் மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவள். இன்னொரு முறை அவரை அங்கே சேர்க்க அவளிடம் தெம்பில்லை. ஆற்றைக் காட்ட வேண்டும், காற்றைக் காட்டக் கூடாது. இதற்குத் தீர்வாக நான் சென்னையிலிருந்து ஒரு மடக்குக் கூடாரம் வாங்கிப் போனேன். பத்தடிக்குப் பத்தடி, நான்கு இரும்புக் கால்கள், ஒரு பக்கத் திரை, விலை 6,800 ரூபாய். காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அதையொட்டிக் கூடாரத்தை நிறுத்தி, டிக்கியிலிருந்தே சாப்பாட்டை எடுத்துப் பரிமாறலாம். கூட வந்த கையேட்டில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பனிக்கு நடுவே அப்படித்தான் சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் ஆடி மாதம் இல்லை.

பெருக்கன்று காலை ஏழரைக்குப் புத்தூர் வீட்டிலிருந்து கிளம்பினோம். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் போக நினைக்காதீர்கள். அன்று காரில் போய்ச் சேர முடியாது. காவிரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர் சாலையில் போனால் ஆற்றை ஒட்டித் தென்னந்தோப்புகள் உண்டு. எங்களுக்குக் கிடைத்த தோப்பில் கார் நிறுத்த நூறு ரூபாய். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது, அதில் பாதி பாலத்தின் மேல். கீழே காவிரி கரை முட்ட ஓடியது. “பார்த்தாச்சில்லப்பா, திரும்பிடலாமா?” என்றாள் மல்லிகா.

“பஸ் ஜன்னல்ல இதை நான் லட்சம் தடவை பாத்தாச்சு. கரையில உக்காந்து பாக்கணும்” என்றார் மாமனார்.

ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். புது வெள்ளமும் மேற்கிலிருந்துதான் வரும். கூடாரத்தை விரித்து, முளைகளை அடித்தோம். மணல் அவற்றை அன்போடு வாங்கிக்கொண்டு, கயிற்றை இழுத்ததும் அதே அன்போடு திருப்பித் தந்தது. கூடாரத்தோடு நான்கு எடைப்பைகள் வந்திருந்தன, காலியாக. மணலை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். மண்வெட்டியை எடுத்தேன். எங்களோடு வந்திருந்த மல்லிகாவின் அண்ணன் செல்வம் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் லால்குடியில் தாலுகா அலுவலக ஊழியர்.

“மாப்ள, மண்வெட்டியக் கீழ போடுங்க. நான் கவர்மென்ட் ஸ்டாஃப். ஆத்து மணல அள்ளினா கேஸாயிடும்.”

“நாலு பைதானே மச்சான்?”

“நாலு லாரின்னா யாரும் கேக்க மாட்டாங்க. நாலு பைன்னா கேப்பாங்க.”

அனுபவஸ்தர் பேச்சை மீற முடியாது. எடைக்கு வேறு என்ன இருக்கிறது என்று டிக்கியைப் பார்த்தோம். செல்வத்தின் மனைவி விடியற்காலையில் எழுந்து செய்து அனுப்பிய நான்கு அண்டாக்கள் இருந்தன. எங்கள் நாலு பேருக்கு நாற்பது பேர் சாப்பாடு. ஆடிப்பெருக்கில் அதுதான் கணக்கு. மேற்குக் கால்களில் புளியோதரையையும் எலுமிச்சைச் சாதத்தையும் கட்டினோம். கிழக்கே தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். மேற்குப் பக்கம் திரையை இழுத்துவிட்டதும் கூடாரம் அசையாமல் நின்றது. குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்தோம். காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

“தண்ணி எங்கடா?” என்றார்.

தெற்கே திறந்துதானே இருக்கிறது என்று செல்வம் காட்டினார்.

“அது போற தண்ணி. எனக்கு வர்ற தண்ணி பாக்கணும். அந்தத் துணியத் தூக்கு.”

“தூக்கவே கூடாது” என்றாள் மல்லிகா. அவர் இரண்டு முறை இருமினார். மூன்றாவது இருமலுக்குள் அவள் திரையின் அடிமுடிச்சை இன்னும் இறுக்கினாள்.

பத்து மணிக்குச் சாப்பாடு. எங்கள் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான்: பெருக்கன்று யாரும் தம் சாதத்தை மட்டும் சாப்பிடுவதில்லை. பக்கத்துத் தென்னையடியில் லால்குடிப் பக்கமிருந்து டிராக்டரில் வந்த ஒரு பெரிய குடும்பம். அவர்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நாங்கள் பதிலுக்குப் புளியோதரை கொடுத்தோம். அந்த வீட்டுப் பெண்மணி தட்டோடு மறுபடி வந்தார். “அண்ணே, கோயில் பிரசாதம் தோத்துது போங்க. இன்னும் நாலு கரண்டி போடுங்க, புள்ளைங்க கேக்குது.” புகழ்ச்சியில் செல்வம் அண்டாவைச் சாய்த்தார். அடுத்து எலுமிச்சையும் தீர்ந்தது, தேங்காய்ச் சாதமும் பாதிக்கு மேல் போனது. காற்று வரும் பக்கத்துக் கால்களில்தான் நாங்கள் சுவையானவற்றைக் கட்டியிருந்தோம்.

ஒரு பெரிய காற்று வந்தது. மேற்குக் கால்கள் இரண்டும் காலி அண்டாக்களோடு தரையைவிட்டு எழுந்தன.

“ஐயோ அண்ணே, பந்தல் கெளம்பிடுச்சு!” என்று அந்தப் பெண்மணி கத்தினார்.

“ஏறுறவங்க ஏறிக்கங்க! போலாம் ரைட்!” என்றார் மாமனார், நாற்காலியைவிட்டு அசையாமல்.

கூடாரம் அவர் தலைக்கு மேலாகக் கரணமடித்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவே போய்ச் சிக்கியது. அதிர்ஷ்டவசமாக அங்கே யாரும் இல்லை. தயிர்ச் சாதம் மட்டும் அவிழ்ந்து, இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

மல்லிகா ஓடிவந்து அப்பாவின் முன்னால் நின்று, முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்தாள். காற்றில் அது படபடத்தது. “அண்ணே, காரை எடு, சீக்கிரம்” என்றாள்.

“கொஞ்சம் நகரு மல்லி. தண்ணி தெரியல” என்றார் அவர். கண்டக்டர் குரல் இல்லை அது.

அவள் நகரவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, தானும் திரும்பி மேற்கே பார்த்தாள். நுரையும் வாழை மட்டைகளும் சுழிகளுமாகக் கலங்கல் தண்ணீர் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை ஒட்டி மணலில் மண்டியிட்டு, கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். செல்வம் காரைப் பின்னோக்கி எடுத்து, பார்வையை மறைக்காமல் காற்றை மட்டும் மறைக்கும் ஒரு கோணத்தில் நிறுத்தினார். கால் மணி நேரம் இருந்தோம்.

போகிறவர்களுக்கு: ஒவ்வொரு காலிலும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டுங்கள்; தண்ணீரை யாரும் இரண்டாம் முறை கேட்டு வர மாட்டார்கள். காற்று வரும் பக்கம் காரை நிறுத்தி, கயிற்றைச் சக்கரத்தில் கட்டுங்கள், பின்கதவில் அல்ல. கூடாரக் கால்களின் உயரத்தை ஒரு துளை குறைத்து வையுங்கள். திரை போட்டால் எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஈர மணலின் குளிர் காலில் ஏறும். தார்ப்பாய் வேண்டும், பிளாஸ்கில் சுக்குக் காப்பியும். காரின் முன்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார வைத்தாலே போதுமே என்ற யோசனை, திரும்பும்போது பாலத்தின் மேல்தான் எனக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை செக்கப். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, பரவாயில்லை என்றார். வெளியே காற்றில் எங்கும் போகவில்லையே என்று விசாரித்தார்.

“டென்ட்டு போட்டுத்தான் டாக்டர் உக்காந்திருந்தேன்” என்றார் மாமனார்.

வெளியே வந்ததும் மல்லிகா அவரை முறைத்தாள்.

“எவ்வளவு நேரம்னு அவர் கேக்கலையேம்மா.”