காவடிக்கு வழிவிடாத விளையாட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைப்பது டீம் லீடரின் வேலை. வேறு யாரையும் செய்ய விடமாட்டார். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வருவார். மானிட்டருக்கு நெற்றி எது என்று அவராக முடிவு செய்த இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். அந்த வருஷம் என் மேசைக்கு அவர் வந்தபோது திரையில் ஓர் ஆள் படிக்கட்டில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் விபூதி, மஞ்சள் வேட்டி, பக்கத்தில் உடைந்த காவடி. லீடர் திரையைப் பார்க்கவேயில்லை. பயபக்தியோடு பொட்டு வைத்தார், ஸ்பீக்கருக்கும் ஒன்று வைத்தார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திரையில் செத்துக்கொண்டிருந்தது என் நைனா.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. பயப்பட வேண்டாம், நிஜத்தில் அவர் அந்த நேரம் திருத்தணியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டு சுகமாக இருந்தார். நான் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், வீடியோ கேம் செய்து தரும் ஒரு கம்பெனியில் டெஸ்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு கிளையண்ட் கேட்கும் கேமை எங்கள் ஆட்கள் வரைந்து, ஓட வைத்துக் கொடுப்பார்கள். அதை நாள் முழுக்க ஆடிப் பார்த்து, சரியில்லாததைப் பிழை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கேம் ஆடுவதற்கு ஒரு சம்பளமா என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை.

எனக்கு இந்தத் துறைமேல் ஒரு பழைய கோபம் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கேம் கடை இருந்தது. அங்கே அண்ணனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். மற்ற நாட்டுக்காரர்கள் மிடுக்காக வந்து சண்டை போடுவார்கள். நம் நாட்டுக்காரன் என்று ஒருத்தன் வந்தால் அவன் சாம்பலைப் பூசிக்கொண்டு, பாம்போடு, அரைப்பட்டினியாக வருவான். எங்கள் ஊர்ப் பையன்களே அவனைத் தேர்ந்தெடுத்து ஆடமாட்டார்கள். நம் கோயில் என்று ஒன்று வந்தால் அதற்குள் புதையல் இருக்கும், பொறி இருக்கும், கும்பிடுகிற ஜனம் மட்டும் இருக்காது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையும், விட்ட செருப்பைத் தேடும் மாமாவும், தயிர் சாத மூட்டையோடு படியேறும் குடும்பமும் இல்லாமல் அதென்ன கோயில் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதனால்தான், இந்தியாவில் ஒரு மலைக்கோயில் வருகிற மாதிரி கிளையண்ட் கேட்கிறான், கோயில் ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று லீடர் கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். கம்பெனி கேமராவை வாங்கிக்கொண்டு ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தேன். நைனா வருஷம் தவறாமல் பூக்காவடி எடுப்பவர். அன்றைக்கு எனக்காகப் படிக்குப் படி நின்று படம் எடுக்க விட்டார். "நேரா பாக்கணுமாம்மா, இல்ல சாமிய நென்ச்சிகினு பாக்கணுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். அவர் நடந்து ஏறுவதை வீடியோவாகவும் எடுத்தேன். மறுநாளே தறிக் கொட்டகையில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது, நைனா கம்ப்யூட்டரில் வரப்போவதாக.

மலையை நன்றாகத்தான் செய்தார்கள். படிகள், மண்டபங்கள், கீழே சரவணப் பொய்கை, வெயில் விழுகிற விதம் உட்பட எல்லாம் எங்கள் ஊர். பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் மலையில் ஆட்களை ஏற்றினார்கள். காவடி எடுத்தவர்கள் அத்தனை பேரும் எதிரிகள். நரபலி கொடுக்கும் ரகசியக் கூட்டமாம். முன்னால் நிற்கிறவன் பூக்காவடியை வில்லாக வளைத்து நெருப்பை எய்கிறான். அவனுக்கு வைத்திருந்த முகம் நைனாவுடையது. அவரைக் கத்தியால், கல்லால், துப்பாக்கியால், படியிலிருந்து உருட்டி என்று எல்லா விதத்திலும் கொன்று, ஒழுங்காக விழுகிறாரா, கை கால் படிக்குள் புதைந்துபோகிறதா என்று பார்க்க வேண்டியது நான்.

இரண்டு பிழைகள் எழுதினேன். ஒன்று, இந்த மலையில் சண்டை கிடையாது. மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும், எங்கள் ஊரில் நடக்காது. போர் முடிந்து, கோபம் ஆறி முருகன் வந்து நின்ற இடம் இது. அன்றைக்கு இங்கே சாமிக்குப் பூவைத்தான் கொட்டுவார்கள். இதையெல்லாம் விவரமாக எழுதினேன். இரண்டாவது பிழை, இந்த முகம் என் அப்பாவுடையது, மாற்றவும். மதியத்துக்குள் பதில் வந்தது. இரண்டுமே பிழை அல்ல, திட்டமிட்டபடியே உள்ளன.

நேராக லீடரிடம் போனேன். அவர் மேசையில் முருகன் படம், அன்றைக்குப் போட்ட பூ. கிருத்திகை விரதம் தவறாதவர், நல்ல மனுஷன், அதுதான் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எப்போதும் சொல்வதையே சொன்னார். "யார்னா ஒருத்தன அடிச்சாத்தாம்மா கேம்." கோயிலைக் கொள்ளையடிக்க வருகிறவனை எதிரியாக வைக்கலாமே என்றேன். நியாயம்தான் என்று கிளையண்டுக்கு எழுதியும் போட்டார். புதையலை எடுக்க வருகிறவன்தானே கதாநாயகன், அவனை எப்படி எதிரியாக்குவது என்று அங்கிருந்து பதில் வந்தது. லீடர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையை விரித்தார்.

முகத்தை மட்டும் மாற்றித் தந்தார்கள். எப்படி? புருவத்தை முறுக்கி, கண்ணைச் சிவப்பாக்கி, பல்லை நீட்டி. இப்போது உங்கள் அப்பா மாதிரி இல்லையே என்று லீடர் எனக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு கேட்டார். முகம் இல்லைதான். ஆனால் நடை? படிக்குப் படி கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி, காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறுகிற அந்த நடையை நான் எடுத்துக் கொடுத்த வீடியோவிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அதைப் பிழை என்று எழுதினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

அந்த வேலையை விட்டு வெகுகாலமாகிறது. இப்போது அக்கா பையன் செல்போனில் ஆடுகிற கேம்களை எட்டிப் பார்க்கிறேன். படம் பளிச்சென்று இருக்கிறது, புல் அசைகிறது, தண்ணீரில் நிழல் தெரிகிறது. நம் கோயில் வந்தால் மட்டும் அதே இருட்டு, அதே பாம்பு, தீப்பந்தத்தோடு ஓடி வரும் அதே மொட்டைத் தலைகள். லீடர் எங்கேயோ பெரிய பதவியில் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருப்பார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்போது அந்த கேம் வெளிவந்த பிறகு, காட்டச் சொல்லி நைனா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, பள்ளிப்பட்டில் தான் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கு நைனாவை அழைத்துப் போய்விட்டார். எங்கிருந்தோ அந்த கேமை வாங்கிப் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, துண்டை மடியில் வைத்துக்கொண்டு நைனா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாவா விளையாடிக்கொண்டிருந்தார். விளையாடினார் என்று சொல்ல முடியாது. கதாநாயகனைப் படியோரமாக நகர்த்தி, ஆயுதத்தைக் கீழே போட வைத்து, சும்மா நிறுத்தியிருந்தார். மேலேயிருந்து காவடிக்காரன் இறங்கி வந்து நெருப்பை எய்தான். கதாநாயகன் செத்தான். மறுபடி முதலிலிருந்து.

"வந்ததுலேர்ந்து இதாம்மா. அடிக்கவே வுட மாட்டேன்றாரு மாமா" என்றார் பாவா.

நைனா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மலையை அப்படியே செய்திருக்கிறார்கள், பொய்கைகூட இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு திரையைக் காட்டினார்.

"காவடி வந்தா ஒதுங்கி வழி வுடணும்ல? நாங்களும் ஒதுங்கி ஒதுங்கி நின்னுகினுதான் இருக்கோம். இவன் வலிய வந்து அடிக்கிறான். எந்த ஊருக்காரன்னு தெரியல, மூஞ்சப் பாரு."

நைனா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவனைத் தாண்டிப் போனா நான் வருவனாம்மா?"

ஆங் என்றேன். பாவாவிடம் ஆயுதத்தை எடுக்கச் சொன்னேன். காவடியைத் தோள் மாற்ற அவன் ஒரு நொடி நிற்பான், அப்போது அடித்தால் சீக்கிரம் விழுந்துவிடுவான் என்றும் சொன்னேன்.