கண்ணாடிக் குடுவையில் நன்னாரி

புவனகிரியிலிருந்து காலை பஸ்ஸில் சிதம்பரம் போய், ஆய்வகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை ஸ்பிரிட் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. நன்னாரி இலையைத் துண்டுபோட்டு, கிருமி போகக் கழுவி, குடுவைக்குள் இருக்கும் அகார் என்ற சத்துக்கூழ் மேல் வைப்பேன். மண்ணே இல்லாமல் அதிலிருந்து திசு வளரவேண்டும். நன்னாரி வேருக்கு மணம் தருகிற பொருள் அந்தத் திசுவிலும் உண்டாகவேண்டும். முனைவர் பட்டத்துக்கான என் ஆராய்ச்சி இவ்வளவுதான். வேருக்காகச் செடியையே பிடுங்கிவிடுகிறார்கள், இது நடந்தால் பிடுங்கவே வேண்டாம் என்று முதல் வருஷம் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் பூஞ்சையோடே போனது. இலை வைத்த மூன்றாம் நாள் குடுவைக்குள் பஞ்சு மாதிரி பூத்திருக்கும். ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் போச்சாம்மா?" என்பாங்க. "போச்சுக்கா." கழுவ எடுத்துக்கொண்டு போவாங்க.

ஒருவழியாகச் சுத்தமான திசு வளர்ந்தது. வெளிர்மஞ்சளாக, உதிரி உப்புமா போல. காயவைத்துச் சாறு எடுத்துக் கருவியில் கொடுத்தேன். மணப்பொருள் இருந்தால் கோடு மேலே எழும்பவேண்டும். எழும்பவில்லை. ஒரு குடுவையைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

என் வழிகாட்டி மேடம் கருவி தந்த தாளைப் பார்த்தார். "சர்க்கரையிலேருந்து எல்லாத்தையும் நாமளே ஊட்டிடறோம். அது பாட்டுக்குப் பெருக்குது, வேற வேலை செய்யல. வேராவே வளர்த்துப் பாரு."

"எத்தனை மாசம் ஆவும் மேடம்?"

"தெரியலம்மா."

அன்றைக்கு வீட்டில் கணவர் சோறு வடித்து, மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கடலூரில் வேலை முடிந்து எனக்கு முன்னாடியே வந்திருந்தார். "கேக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். இந்த வருஷமாவது முடிஞ்சிடுமா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

வளர்ச்சி ஊக்கிகளின் அளவை மாற்றி மாற்றி, கடைசியில் வேர் வந்தது. வெள்ளை வெளேரென்று, தலைமுடி மாதிரி. நாற்பது குடுவை சேர்ந்தபோது மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளர்ப்பு அறையில் ஏசி நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. திங்கள் காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பெரும்பாலான குடுவைகளில் வேர் பழுப்பாகிக் கிடந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாங்க. "இது வெள்ளையாத்தான் இருக்கு. இதுவும். எழுந்து வாம்மா, பாரு." பதினொன்று தேறியது.

அவை முற்றும்வரை காத்திருந்து, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சாறெடுத்தேன். இந்த முறை கோடு எழும்பியது. சின்ன மேடுதான். மீதி இருந்த இரண்டில் ஒரு குடுவையைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். கண்ணை மூடி இழுத்துப் பார்த்துவிட்டு, "லேசா வருதும்மா," என்றாங்க. எனக்கும் வந்தது. ஆனால் கருவிக் கணக்குப்படி, வயல் வேரில் இருப்பதில் பாதிகூட இதில் இல்லை.

மேடத்திடம் காட்டினேன். "அப்படியே ஆய்வேட்டுல எழுது," என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "வயல் வேரைவிடக் கொறச்சலா இருக்கே. இதால என்ன பிரயோஜனம்?"

"இப்போதைக்கு இல்ல சார். திசுவுல வரல, வேர்ல வருது. அது வரைக்கும் தெரியுது."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

பட்டம் உறுதியானதும் எல்லோரும் கைகுலுக்கினார்கள். அக்கா ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் படுத்தேன். சாயந்திரம் மகள் வந்து எழுப்பியிருக்கிறாள். "அம்மா தூங்கட்டும்," என்று கணவர் கூட்டிக்கொண்டு போனது அரைகுறையாகக் காதில் விழுந்தது.