கிட்டார் மெஷினில் முதலிடம்

கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் சேலத்து மால் ஒன்றுக்குப் போவோம். அங்கே கிட்டார் விளையாட்டு மெஷின் இருந்தது. பாட்டுக்கேற்பத் திரையில் வண்ணப் புள்ளிகள் இறங்கி வரும். அவை கோட்டைத் தொடும்போது அதே நிறப் பொத்தானை அழுத்திக் கம்பியைத் தட்ட வேண்டும். அதில் முதலிடம் என் கணவருடையது. பல வாரம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, ஒருநாள் அவர் வாசிக்கும் அதே பாட்டுக்கு நானும் அவர் கையிலிருந்து கிட்டாரை வாங்கினேன்.

தவறாமல் தட்டத் தட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பெண் நான்கு மடங்காக ஏறியது. நாம் விடும் நேரத்தில் அதையும் கொஞ்ச நேரம் இரட்டிப்பாக்கும் நட்சத்திரமும் திரை ஓரத்தில் நிரம்பிவிட்டது.

"இப்பவே உடு புள்ள, வீணாப் போயிரும்," என்றார் அவர்.

"செத்த பேசாம இருங்க," என்றேன். கடைசியில் புள்ளிகள் நெருங்கி வரும் இடத்துக்காக அதை வைத்திருந்தேன்.

அதற்குள் சுண்டுவிரல் வழுக்கி ஒரு புள்ளி தவறியது. நான்கு மடங்கு ஒன்றானது. விட்டதை நினைத்து அவசரப்பட்டால் அடுத்ததும் போய்விடும். மூச்சை அடக்கி ஒவ்வொன்றாகத் தட்டினேன். மறுபடி நான்கு மடங்கு வந்ததும் புள்ளிகள் கொட்டத் தொடங்கின. அப்போதுதான் நட்சத்திரத்தை விட்டேன்.

பாட்டு முடிந்தபோது என் மதிப்பெண் அவருடையதற்கு மேலே நின்றது. எங்கள் ஊர் சங்ககிரி வரும்வரை அவர் பைக்கை வேகமாகவே ஓட்டினார். கோபமோ என்று பயந்தேன். ஊருக்குள் திரும்பும்போது கேட்டார்: "அந்த எடத்துலதான் நெருக்கமா வரும்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வாட்டியும் அங்கதானுங்க நீங்க தப்பு பண்ணுனீங்க."

எனக்கு முன்னால் அவர் முதுகு குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.