டொலோரஸின் கணவர்

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறினால் எல்லாரும் கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திருவிழாவில் சுவாமி வெளிவரும்போதுகூட இப்படி ஒருமித்து நிமிர்ந்து நிற்கும் சனத்தை நான் யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை. அங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம், இறங்குவதற்குள் அவருடைய சம்பளம், சொந்த ஊர், மகளின் சாதகம் எல்லாம் விசாரித்து முடித்துவிடுவோம். ரொறொன்ரோவில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களின் பெயரைத் தவிர வேறொன்றும் மாதக்கணக்காக எங்களுக்குத் தெரியாது. கணவர் வெய்ன். மனைவி டொலோரஸ்.

வெய்ன் காலையில் தென்படுவார். ஒல்லியான நெட்டை மனிதர், தலைமயிர் குறைவு, கையில் பால் பை, பார்வை நிலத்தில். டொலோரஸ் பின்னேரத்தில் தென்படுவாள். அவளும் நெட்டைதான், அதற்குக் கீழே குதி உயர்ந்த சப்பாத்து, அதற்கு மேலே பொன்னிறக் கொண்டை. குனிந்துதான் லிஃப்ட்டுக்குள் வருவாள். இலக்கங்களைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். "எப்படிக் கண்ணே இருக்கிறாய்?" என்று ஒருநாள் என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள். கனடாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று அதுவரை குறை சொல்லித் திரிந்த நான், அன்றுமுதல் இலக்கங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

இருவரையும் சேர்த்து ஒருநாளும் காணவில்லை. அதற்கு என் மனைவி மனோ காரணம் கண்டுபிடித்தாள்.

"அவர் பகல் ஷிஃப்ட், அவ இரவு ஷிஃப்ட். எங்களைப்போலத்தான். பாவங்கள், ஒருத்தரை ஒருத்தர் வடிவாப் பாத்து எவ்வளவு காலமோ."

எனக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்திலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. கணவன் ஏறிவந்த லிஃப்ட்டில் மனைவி இறங்கிப் போவாள். வாசலில் வீட்டுத் திறப்பும் பிள்ளையும் கைமாறும். நான் பகலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் சீருடை போட்டுக் காவல் இருந்தேன். உள்ளே களவெடுக்க என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மனோ இரவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தாள். எங்கள் குடும்ப வாழ்க்கையின் முக்கியமான பேச்சுவார்த்தைகள் எல்லாம் ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் மற்றக் கால் வெளியிலுமாகத்தான் நடந்தன.

மனோ கருவாடு பொரித்தால் மாடி முழுவதும் கதவுகள் திறந்து மூடும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்து, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டுவிட்டுப் போவார். ஒருமுறை வெய்ன் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்த என்னிடம், அது என்ன மீன் என்று கேட்டார். அவர் நியூபவுண்ட்லாந்துக்காரர். அதுவும் ஒரு தீவு. மீனை உப்புப் போட்டுக் காயவைத்துத் தின்கிற சனம். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு ரொறொன்ரோக்காரர் சிரிப்பார்களாம். என்னுடையதைக் கேட்டும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் எதையும் மும்முறை சொல்லி ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு மனோ இடியப்பம் அவித்தாலும் மீன் காய்ச்சினாலும் அந்த வீட்டுக்கு இரண்டு பங்கு போகும். புருசனுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையில் மனோவைப் பின்னேர ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். ஏலாதென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம், வெளியில் ஆள் நிற்கிறது என்றார்கள். மகள் ஆரணிக்கு ஐந்து வயது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் நான் வேலையால் வருவதற்கும் இடையில் ஒரு மணித்தியாலம் அளவில் ஓட்டை விழுந்தது. பிள்ளையைத் தனியே விட்டால் அரசாங்கம் வந்து கொண்டுபோய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படிக் கொண்டுபோன கதை ஒன்று எல்லாரிடமும் இருந்தது. ஷெல்லடிக்கும் பொம்பர் விமானத்துக்கும் ஒளித்துக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளையை, ஒரு மணித்தியாலத்துக்காக இழக்க வேண்டி வருமோ என்று நாங்கள் சாப்பாடு இறங்காமல் இருந்தோம்.

"டொலோரஸைக் கேட்டுப் பாருங்கோவன். இரவு வேலைக்காரிதானே, பின்னேரம் வீட்டிலை நிப்பா," என்றாள் மனோ.

போய்த் தட்டினேன். வெய்ன் திறந்தார். ஒரு கண்ணில் பச்சைப் பூச்சும் மயிற்பீலி மாதிரி இமையும். மற்றக் கண் வழக்கமான வெய்னுடையது. தலையில் இறுக்கமான வலை. இந்த நாட்டில் எதைக் கண்டும் அதிர்ச்சி காட்டக் கூடாது என்ற என் கொள்கைப்படி, வந்த விசயத்தைக் கேட்டேன்.

"உங்கள் மனைவி இருக்கிறாரா?"

"என் மனைவியா?" அவர் திரும்பித் தன் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார்.

"டொலோரஸ்."

பூச்சுப் போடாத கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வந்துகொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு கண் பாக்கி," என்றார்.

ஆம்பிளைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு இது விளங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கக் கூடாது. எங்கள் கல்லூரி நாடகத்துக்கு ராணி தேவைப்பட்டால் யாரோ ஒருவனின் மீசையை வழிப்பார்கள். ஒரு வருடம் அது என் மீசை. அக்காவின் கூறைச் சேலையில் நின்று நான் அழுதபோது முன்வரிசைப் பெண்களும் அழுதார்கள். அதற்குப் பிறகு என்னை நினைத்து எந்தப் பெண்ணும் அழுததாகத் தகவல் இல்லை. கோயில் வெளியில் நாடகம் போட்ட நாட்களில், பெண் வேசம் கட்டியவர் மேடையில் வந்தால் சனம் கைதட்டும். காலையில் அவர் பஸ்ஸுக்கு நின்றால் அதே சனம் பார்த்துச் சிரிக்கும். இங்கே ட்ராக் குயின் என்கிறார்கள். கைதட்டலும் சிரிப்பும் இங்கேயும் அதே ஒழுங்கில்தான் நடக்கின்றன என்று வெய்ன் பின்னர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனோவிடம் சொன்னேன்.

"இஞ்சை பாரும், அந்த வீட்டிலை ஒரு ஆள்தான்."

"ஐயோ, மற்ற ஆள் எங்கை போட்டுது?"

"மற்ற ஆளும் அந்த ஆள்தான்."

மனோ அடுப்பைக் குறைத்தாள். நீண்ட யோசனை. "அப்ப ரெண்டு பங்கு இடியப்பம்?"

"ஒராளே திண்டது."

"அதுதான் மற்ற ஷிஃப்ட்டுக்குக் காத்திராமல் சட்டி கெதியாத் திரும்பி வந்தது." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பகல் வேலையும் இரவு வேலையும் ஒராளே செய்யுது. பாவம்."

எங்கள் வீட்டில் இந்த விசயத்தைப் பற்றிய ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. புத்தகங்கள் படித்து நான் வந்து சேர இன்னும் பல வருடம் பிடித்திருக்கக்கூடிய இடத்துக்கு அவள் அடுப்படியில் நின்றபடி போய்விட்டாள்.

வெய்ன் ஆரணியைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தார். கண்ணாடிக்கு முன்னால் அவர் வேசம் போட, பக்கத்தில் அவள் இருந்து படம் கீறினாள். அக்கம்பக்கத்தவரை அங்கிள், அன்ரி என்று கூப்பிடச் சொல்லித்தான் பிள்ளையை வளர்த்திருந்தோம். எப்போது அங்கிள், எப்போது அன்ரி என்ற சிக்கலை அவளே தீர்த்துக்கொண்டாள்: உதட்டுச் சாயம் போடும்வரை அங்கிள்.

சிவபாதம் அண்ணைக்கு அது தீர்வாகப் படவில்லை. அஜின்கோர்ட்டில் வீடு வாங்கியவர், ஊர்ச் சங்கத் தலைவர், மனோ வேலை செய்த தொழிற்சாலையில்தான் அவருக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியைத் தொடாமல் ஆரம்பித்தார்.

"தம்பி, கதை ஒண்டு அடிபடுது. உந்த வேசக்காரனிட்டையோ பிள்ளையை விடுறியள்?"

"ஓம் அண்ணை. நல்ல மனிசன்."

"மனிசனோ மனிசியோ, அதைத்தானே கேக்கிறன். ஆரும் ஒரு ரெலிபோன் அடிச்சால் காணும், பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள். பிறகு நீர் புத்தகம் வாசிச்சுக்கொண்டு இரும்."

பிள்ளையைத் தனியே விட்டாலும் கொண்டுபோவார்கள், டொலோரஸிடம் விட்டாலும் கொண்டுபோவார்கள். காவல் இருந்த இடத்தில் ரெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன்.

பனி கொட்டிய மாரிகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது எனக்காகவே அடித்தது. காய்ச்சல் ஏறி ஆரணிக்கு வலிப்பு வந்துவிட்டது. டொலோரஸ் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தாள். நோயாளிகளுக்குக் காசு சேர்க்கும் நிகழ்ச்சி ஒன்றுக்காக அன்று நேரத்தோடு வேசம் போட்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் பிள்ளை நித்திரை. பக்கத்தில் வெள்ளிச் சரிகை மின்ன, கொண்டை சரிந்து, டொலோரஸ். ஆபத்து விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் வாசலில் பேனாவுடன் ஒரு சோஷல் வேர்க்கர் நின்றாள். நாங்கள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த ஆள் இவள்தான் என்று எனக்குப் பட்டது.

"பிள்ளையைக் கொண்டுவந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள்.

பக்கத்து வீடு என்பதுதான் சரியான பதில். அதைச் சொன்னால் பிள்ளை போய்விடும் என்று ஏனோ தோன்றியது. எங்கள் மொழியில் இருக்கும் உறவுமுறைகள் முழுவதும் மூளைக்குள் வரிசையில் வந்து நின்றன. "என் மனைவியின் அண்ணன்," என்றேன்.

அவள் கண்ணாடி வழியாக அந்த அண்ணனை மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, தலையில் தொழிற்சாலை வலையைக்கூடக் கழற்றாமல் மனோ ஓடிவந்தாள். காரில் ஏற்றிவந்த சிவபாதம் அண்ணையும் பின்னால் மூச்சிரைக்க நின்றார். அதே கேள்வி மனோவிடம் போனது. நான் கண்ணால் ஏதோ சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தால்தானே.

"மை சிஸ்டர்," என்றாள்.

பேனா அந்தரத்தில் நின்றது. சோஷல் வேர்க்கர் உள்ளே போய், நாங்களும் பின்னால் போக, டொலோரஸிடமே கேட்டாள். ஒருவர் அண்ணன் என்கிறார், ஒருவர் சகோதரி என்கிறார், எது உண்மை?

டொலோரஸ் எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இரண்டும்தான். ஷிஃப்ட்டைப் பொறுத்தது."

பேச்சுக் குரலில் ஆரணி கண் விழித்தாள். எல்லாரையும் விட்டுவிட்டு டொலோரஸின் முகத்தைப் பார்த்தாள். "அன்ரி, உங்கட கண் ஒழுகுது," என்று சொல்லிக் கை நீட்டித் துடைத்தாள். அழுது அழுது பச்சையும் கறுப்பும் கன்னம் வரை வடிந்திருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். சோஷல் வேர்க்கர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போய், கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றுடன் வந்தாள். அது எல்லாருக்கும் தேவைப்பட்டது.

நிகழ்ச்சிக்குப் போகவில்லை என்று டொலோரஸ் சொன்னபோது மனோ விடவில்லை. "வேலைக்குப் போகாமல் நிக்கக் கூடாது, பேர் கெட்டுப்போகும்," என்று தமிழிலேயே சொல்லி முகத்தைத் துடைத்துக் கொண்டையை நிமிர்த்தினாள். சிவபாதம் அண்ணை கார்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"மனோ, தங்கச்சியாரை எங்கை இறக்கோணும்?"

இறக்கிவிட்டுத் திரும்பிவந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "வாசலிலை நிண்டவங்கள் எனக்கும் கைதட்டினவங்கள், தம்பி." ஊர்ச் சங்கத்தில் அவருக்கு அது நடந்ததில்லை.

பிறகு நாங்களும் மில்லிக்கன் என்ற புறநகர்ப் பக்கம் வீடு மாறினோம். ஏன் என்று கேட்டால், எல்லாரும் போனார்கள். ஓரிடத்தில் கால் ஊன்றியதும் அடுத்த இடத்தை விசாரிக்கத் தொடங்குவது ஓடிவந்தவர்களுக்கு ஒரு நோய். இங்கே கருவாடு பொரித்தால் ஒருவரும் முறையிடுவதில்லை. ஒருவரும் மணம் பிடித்து வந்து கதவைத் தட்டுவதுமில்லை. வெய்ன் ரயிலும் பஸ்ஸும் மாறி ஞாயிறுகளில் சாப்பிட வருவார். மனோ அப்போதும் இரண்டு பங்குதான் கட்டிக் கொடுப்பாள்.

இந்த மாரியில் அவர் பெரிய சூட்கேஸ் ஒன்றுடன் வந்தார். அப்பாவுக்கு நோய் கடுமை; பல வருடங்களுக்குப் பிறகு தன்னுடைய தீவுக்குப் போகிறார். "அவளை இங்கே விட்டுவிட்டுப் போகிறேன். அப்பா வீட்டில் ஒராளுக்குத்தான் கட்டில்," என்றார். சூட்கேஸைத் திறந்து பார்த்த மனோ, கொண்டை நசிந்துபோகும் என்று, பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ரில், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், டொலோரஸ் இப்போது குடியிருக்கிறாள்.

வெய்ன் ஞாயிறுகளில் ரெலிபோன் எடுக்கிறார். அப்பாவைப் பற்றி, காற்றைப் பற்றி, மீன் அற்றுப்போன கடலைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்துவார். பின்னால் யாரோ இருமுவது கேட்கும்.

"அவள் எப்படி இருக்கிறாள்?"

நான் ரெலிபோனையும் கொண்டு படியிறங்கி, விளக்கைப் போட்டு, பார்த்துத்தான் பதில் சொல்வேன். "சுகமாக இருக்கிறாள். குளிர் இல்லை. ஆரணி நேற்றும் சீவிவிட்டாள்."

அவர் வைத்த பிறகும் நான் உடனே மேலே ஏறுவதில்லை. ஊரிலிருந்து புறப்பட்டு வந்தபோது நானும் எனக்குள் இருந்த ஓர் ஆளை அங்கே விட்டுத்தான் வந்தேன். எனக்கும் விசாரிக்க வேண்டும்போல இருக்கும். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு இப்போது ரெலிபோன் இல்லை. நீத்துப்பெட்டியின் மேல் பொன்னிறக் கொண்டை சற்றுச் சரிந்திருக்கும். அதை நிமிர்த்திவிட்டு விளக்கை அணைப்பேன்.