அக்காவின் மணி பிளாண்ட்டைக் கிள்ளியவர்கள்

அக்காவின் காரியத்தன்று விழுப்புரம் வீட்டில் இருந்தவர்கள்: திண்டிவனத்து மாமா, அத்தை, அவர்கள் மருமகள், விக்கிரவாண்டி சித்தப்பா, பக்கத்து வீட்டு மேரி அம்மா, நான். யாரையும் விடவில்லை. விட்டால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

அக்கா பிறந்தது கிளியனூர். அப்பா இறந்ததும் என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அக்கா தையல் மிஷின் மிதித்து எனக்குச் சோறு போட்டார், தம் கல்யாணச் செலவையும் தாமே பார்த்தார். சொந்தங்கள் வந்து பந்தியில் குறை சொன்னார்கள்.

அத்தான் காலமான பிறகு அக்கா ஒரு மணி பிளாண்ட் வாங்கி ஜன்னலில் வைத்தார். அத்தை சிரித்தார்.

"காசு குடுத்து வாங்கினா பணம் சேராதுடி. திருடிக்கினு வந்து வச்சாதான் சேரும்."

"அப்போ உங்க வீட்டு பீரோவையே திருடிடறேன் அத்த, செடி எதுக்கு?" என்றார் அக்கா.

கொடி ஜன்னல் கம்பி முழுக்கப் படர்ந்தது. அக்கா படுத்த படுக்கையானபோது சொந்தத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "வண்டி ஓட்டிக்கினு வர்றது பேஜாரா கீதுப்பா" என்றார் சித்தப்பா போனில். விக்கிரவாண்டி என்ன வெளிநாடா? காரியச் சாப்பாட்டுக்கு மட்டும் பேஜார் இல்லாமல் வந்தார்.

கடைசியாக அக்கா என்னிடம் சொன்னது: "செடிய பாத்துக்கோடா. பயந்துக்கினு தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுடாத."

காரியத்தன்று ஒவ்வொருவராகக் கை கழுவுவதாக உள்ளே போனார்கள். அத்தையின் கைப்பையில் இலை நுனி தெரிந்தது. சித்தப்பாவுக்குச் சட்டைப் பையில், கண்ணாடிக்கூட்டுக்குப் பின்னால். செத்த வீட்டில் திருடினால் இரட்டிப்பாகச் சேரும் என்று நினைத்தார்களோ என்னவோ. சண்டைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் மொட்டைக் கொடி. அக்கா ஒப்படைத்த ஒன்றே ஒன்றையும் சாகவிட்டேனே.

மேரி அம்மா வந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு தம்பி மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? அவசரத்துல இலையத்தான் கிள்ளிக்கினு போயிருக்காங்க. கணுவெல்லாம் கொடியிலயே கீது. தழைச்சிடும்."

"அவங்க கொண்டு போனது?"

"பாட்டில்ல கொஞ்ச நாளு பச்சையா நிக்கும். கணு இல்லாம கொடி எப்படி வரும்?"

அப்படியே ஆயிற்று. இந்த ஓராண்டில் ஜன்னல் மறுபடி மூடிவிட்டது.

அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிய மேரி அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்களுக்கு, வந்து சாப்பிட்டதற்காக நன்றி. கணுவோடு வெட்டித் தரச் சொன்னால் தருகிறேன். படுத்துக் கிடந்த அக்காவை எப்படி இருக்கிறாய் என்று கேட்காத வாய், இதையாவது கேட்கட்டும்.