ஆறு செவ்வாய்க்கிழமைகள்

என் பயிற்சிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: "செப்டம்பர் 2, செவ்வாய், பிற்பகல் 2.10. மாணவி வரவில்லை. குடும்பம் இடம் மாறியது." தேதியும் முதல் வாக்கியமும் நீல மை. கடைசி வாக்கியம் கறுப்பு மை; ஏழு நாள் கழித்து எழுதியது. அந்தக் குடும்பம் எங்கும் இடம் மாறவில்லை. வால்பாறையில் அதே எஸ்டேட்டில், அதே தொழிலாளர் லைன் வீட்டில்தான் இருந்தது.

பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். பள்ளி ஆலோசகராக வேண்டும் என்று ஆன்லைனில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் இன்னொரு மாணவியிடம் பேசிப் பழகுவேன். ஒருநாள் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டருக்கு ஆறுதல் சொல்லி முடிஞ்சுதுங்களா? இட்லி ஆறிப்போச்சு, அதுக்கும் ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா தேவலை" என்றார். மைக் அணைக்கப்படவில்லை. இருபத்திரண்டு பேர் கேட்டார்கள்.

இரண்டாம் வருடம் நூறு மணி நேரம் மாணவர்களோடு தனியாகப் பேச வேண்டும். பேசி முடித்த கையோடு அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, சென்னையிலிருந்த மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். இடையில் வரும் மௌனத்தையும் நொடிக்கணக்கில் குறிக்க வேண்டும். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று வருடக்கணக்காக டைரி எழுதுகிறவளுக்கு இது சிரமமாக இல்லை. உடன் படித்தவர்களில் பலர் இதைத்தான் அலுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய், முதல் சந்திப்பு. பதினோராம் வகுப்பு மாணவி, விடுதியில் தங்கிப் படிப்பவள். அப்பாவுக்கு வால்பாறையில் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பது. இயற்பியல் தேர்வுகளில் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதிவிட்டு வெற்றுத்தாளைக் கொடுக்கிறாள் என்று அந்த ஆசிரியர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

"பதில் தெரியாதா கண்ணு?"

"தெரியும் மிஸ்."

"அப்புறம்?"

நாற்பது நொடி.

"தாளைக் கொடுத்ததும் கை வர மாட்டேங்குது மிஸ்."

மூன்றாவது செவ்வாய் அவளே விஷயத்துக்கு வந்தாள். ஒரு பாடத்தில் தோற்றாலும் மேலே எஸ்டேட்டுக்கே கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவருக்கு இந்த வெற்றுத்தாள் விவகாரம் தெரியாது.

"காலாண்டுக்குள்ள எழுதிருவேன் மிஸ். அப்பாகிட்ட சொல்லிர மாட்டீங்கல்ல?"

"நீ சொல்லச் சொன்னாலொழிய சொல்ல மாட்டேன்."

இந்த ரகசியம் காக்கும் விதி எங்கள் பாடத்தில் முதல் பருவத்திலேயே வருகிறது. தேர்வில் அதைப் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதி, ஒன்பது வாங்கியிருக்கிறேன்.

இந்தச் சந்திப்புகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் படிவமும் வேண்டும். மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்காக ஒவ்வொரு முறையும் இறங்கி வர முடியாது என்பதால், ஜூன் மாதத்திலேயே பெற்றோர் அந்தப் பொறுப்பை வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊசி போட, சுற்றுலா போக, விடுப்பு எடுக்க, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துதான். என் படிவத்தையும் நீட்டினேன். "எங்கீங்க போடோணும்?" என்று மட்டும் கேட்டுப் போட்டார். நானும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

ஆறாவது செவ்வாய், ஆகஸ்ட் 26. இயற்பியல் தாளைக் கையில் எடுத்து வந்தாள். அரைப் பக்கம் எழுதியிருந்தாள். இருபத்தைந்துக்கு ஒன்பது.

"ஒம்பது மார்க்குக்கு யாராவது சிரிப்பாங்களா மிஸ்? நீங்க பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீங்க."

அதையும் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை 11.20க்கு அவளுடைய அப்பா வந்தார். அலுவலகத்தில் கேட்டிருந்த சாதிச் சான்றிதழைக் கொடுக்க விடியலிலேயே பஸ் ஏறி, பொள்ளாச்சியிலும் உக்கடத்திலும் மாறி வந்திருந்தார். வார்டன்தான் அவரை ஆசிரியர் அறைக்குக் கூட்டிவந்து, "நம்ம பதினொன்னாவது புள்ளையோட அப்பாங்க, வால்பாறைல இருந்து வாராங்க" என்றார்.

அத்தனை தூரம் வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் எங்கள் பக்கம் அனுப்ப மாட்டோம். படிப்பு சுமார் என்றால் கையெழுத்து அழகு என்றாவது சொல்வோம். பதினெட்டு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் வாய் தானாகத் திறந்தது.

"வாங்க, உக்காருங்க. உங்க பொண்ணு தங்கமானதுங்க. இப்பெல்லாம் பரவாயில்லைங்க, வாரவாரம் வந்து எங்கிட்ட மனசு விட்டுப் பேசுது."

அவர் தம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இப்பெல்லாம்னா? முன்னால என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்லைங்க. வயசுப் புள்ளைங்க..."

"வயசுப் புள்ளைங்கன்னா?"

நான் பேசப் பேச அது வேறெங்கோ போயிற்று. உதவ நினைத்த வார்டன், "எல்லாம் முறைப்படித்தானுங்க நடந்துது, நாந்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். எதற்குக் கையெழுத்து என்று அப்பா கேட்டார். படிவத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மகளைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் வந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். பழக்கத்தில் எண்ணினேன். இருபத்தைந்து நொடி.

"பரீட்சைல எழுதாம விட்டேன்பா. அவ்வளவுதான்."

அவர் கத்தவில்லை. மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்து டி.சி. கேட்டார். காலாண்டு வரைக்கும் விடச் சொன்னேன். இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறாள் என்றேன்.

"நீங்க நல்லவங்கதான் மிஸ். உங்க மேல கோவமில்ல. என் பொண்ணைப் பத்தி ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியல பாருங்க. அப்படி ஒரு இடத்துல எதுக்கு?"

அவள் பெட்டியோடு கேட் அருகே நின்றிருந்தாள். நான் போய்ப் பேசவில்லை. மூன்றாம் பாடவேளை மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போனேன். மராட்டியர் ஆட்சி நடத்தினேன் என்று பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது. நடத்தியது நினைவில்லை.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் திரையில் கேட்டார். அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"அந்த வால்பாறைப் பொண்ணு எப்படி இருக்கா மேடம்?"

"குடும்பம் இடம் மாறிட்டாங்க."

"அச்சச்சோ. பரவால்ல, ஆறு மணி நேரமும் உங்க நூறுல சேர்ந்துரும். நல்லா பண்ணியிருந்தீங்க."

நன்றி சொன்னேன். செவ்வாய்க்கிழமை 2.10க்கு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, கையில் கிடைத்த கறுப்புப் பேனாவால் அதையே பதிவேட்டில் எழுதினேன். மீதி மணிகளை வேறு பிள்ளைகளோடு ஜனவரியில் முடித்தேன். ஜூனில் முடிவு வந்தது, முதல் வகுப்பு. வீட்டுக்காரர் லட்டு வாங்கி வந்தார். இரண்டு சாப்பிட்டேன். பள்ளியில் என் அறைக் கதவில் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், நான் கேட்கிறேன். பெற்றோர் யாராவது வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வதோடு சரி. இந்த மேடத்துக்குத் தலைக்கனம் என்று ஒரு தாய் வார்டனிடம் சொன்னாராம். இருக்கலாம்.

அவளைப் பற்றி இரண்டு செய்திகள் காதில் விழுந்தன. வால்பாறையில் ஒரு பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னார். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே விடுதியில் இருக்கிறாள் என்று வார்டன் சொன்னார். இருவருமே நேரில் பார்த்துச் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் சொல்லக் கேட்டது. எங்கள் அலுவலக எழுத்தர் கணினியில் தேடினால், அவள் எந்தப் பள்ளியிலாவது சேர்ந்திருக்கிறாளா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் இதுவரை கேட்கவில்லை. இதை எழுதும் இன்றைய தேதியில் அவள் படிக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. மேலே உள்ள இரண்டு செய்திகளும் சரிபார்க்கப்படாதவை.