இரண்டாம் எதிரி

விருத்தாசலத்து செராமிக் கம்பெனிகளில் பொம்மைக்குக் கண் எழுதத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். தெய்வநாயகம் அதில் ஒருவர். பகலெல்லாம் பீங்கான் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் கண்ணும் புருவமும் எழுதிவிட்டு, சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால் அதே கையால் மனு எழுதுவார். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், வராத ரேஷன் அட்டை, எரியாத தெருவிளக்கு என்று எதற்கும் ஊர் அவரிடம்தான் வரும். யாரிடமும் காசு வாங்கியது கிடையாது. தெய்வநாயகம் எழுதினால் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான் என்று ஊரில் பேச்சு. எழுந்த அதிகாரி யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஊர் கம்மாபுரம் போகிற பாதையில் இருக்கிறது. நடராசன் பிரசிடெண்டாக இருந்தபோது அங்கே ஏரியில் மண் அள்ளினார்கள். வயலுக்கு வண்டல் என்று பெர்மிட்; மண் போனதோ செங்கல் சூளைக்கு. பொக்லைன் தோண்டிய பள்ளத்தில் பெரியம்மாளின் எருமை இறங்கி, ஏற முடியாமல் செத்தது. புருஷன் இல்லாத பெரியம்மாளுக்கு அந்த எருமையும் விமல்ராஜ் என்கிற மகனும்தான் சொத்து.

அன்றைக்கு தெய்வநாயகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செத்த எருமையை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து மெயின் ரோட்டில் போட்டார். மூன்று மணி நேரம் ஒரு பஸ் நகரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு மாடு, நாளைக்கு நம் பிள்ளைகள் என்று தொண்டை கிழியக் கத்தினார். கலெக்டருக்கு மனு எழுதினார். அதோடு நிற்காமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் எழுதினார்.

அந்தச் சாமிக்கு மனு கொடுப்பதைப் பிராது கட்டுவது என்று சொல்வார்கள். கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியேதான். மனுதாரர் யார், எதிரி யார், என்ன குறை என்று காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து, விபூதியோடு மடித்து, முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் நூல் சுற்றிக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்க படிக்காசும் உண்டு. விசாரிக்கப் போய்வர சாமிக்கும் செலவு இருக்கிறதே. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. நடராசன் பெயரை எதிரி என்று போட்டுக் கட்டிய பிராது அது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் ஒரு மார்கழியில் வந்தபோது நடராசன் தோற்றார். மூன்று மாதக் கணக்கு எங்கோ போயிருந்தது. ஆனாலும் சாமியே நம் பக்கம் என்று தெய்வநாயகம் முடிவு கட்டிக்கொண்டார்.

அந்தப் பிரசிடெண்ட் தேர்தல் ஊரை இரண்டாகப் பிளந்தது. நடராசனுக்கு ஆட்டோ சின்னம், சாமிதுரைக்குப் பூட்டு சாவி. ஆட்டோக்காரர் கடையில் பூட்டுக்காரர் டீ குடிப்பதில்லை. பெண் கொடுத்து எடுத்த வீடுகளில்கூடப் பேச்சு நின்றது. அவர்கள் கொடுத்த சேலை லஞ்சம், நாம் கொடுத்தது பொங்கல் சீர் என்று தெய்வநாயகம் வெட்கமில்லாமல் விளக்கம் சொன்னார். சாமிதுரை வந்தால் ஏரிக்குள் டிப்பர் சக்கரம் இறங்காது என்று வீடு வீடாகப் போய்ச் சத்தியம் செய்தார். பெரியம்மாள் வீட்டுக்கு நாலு தடவை போனார். சாமிதுரை ஜெயித்தார், இரண்டே ஓட்டில். மறுநாள் ஊரில் பாதி வீட்டுக்காரர்கள், அந்த இரண்டு ஓட்டு எங்கள் வீட்டு ஓட்டுதான் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு வருஷம் ஏரி சும்மா இருந்தது. பிறகு அதே பொக்லைன் வந்தது. அதே டிப்பர்கள், அதே டிரைவர்கள், முன்கண்ணாடியில் ஒட்டிய படம் மட்டும் வேறு. தெய்வநாயகம் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தார். கேட்டவர்களிடம், ஏரியைத் தூர் வாருகிறார்கள் என்றார். ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டபோது, தோற்ற வயிற்றெரிச்சல் என்றார். ராத்திரி படுத்தால் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மேலே பார்த்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மட்டம். அடியில் எங்கே பள்ளம் என்று யாருக்குத் தெரியும்? கயிறு அறுத்துக்கொண்டு இறங்கிய கன்றைப் பிடிக்க விமல்ராஜ் முழங்கால் தண்ணீரில் நடந்து போனான். அடுத்த அடிக்கு ஆள் இல்லை. மறுநாள் காலை தீயணைப்புக்காரர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அவனுக்கு இருபது வயது.

நடராசன் பெரிய மாலையோடு வந்தார். பிணத்தை ரோட்டில் வைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்றார். அவர் தோண்டாத பள்ளமா? பெரியம்மாள் பிணத்தைக் கொடுக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது தெய்வநாயகம்தான் முன்னால் போய் நின்றார். அந்தப் பள்ளம் நடராசன் காலத்துப் பள்ளம் என்று சொன்னார். சொன்னதோடு விடாமல் தானே அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இரண்டு ஓட்டு எங்கள் வீட்டு ஓட்டு என்று சொன்ன ஒருவர்கூட இப்போது அதைச் சொல்லக் காணோம்.

நாலு மாதம் கழித்து, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாள் தெய்வநாயகத்தின் வீட்டுக்கு வந்தாள். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத வேண்டும் என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமிதுரை பெயரைச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தபடியே காகிதத்தை எடுத்தார். மனுதாரர் பெரியம்மாள் என்று எழுதினார். குறையைச் சொல்லச் சொன்னார். பையன் செத்த கதையை அவள் அழாமல் சொன்னாள். பிறகு எதிரி யார் என்று கேட்டார்.

"ரெண்டு பேரு இருக்குது. மொத எதிரி தெய்வநாயகம்னு எழுதுங்கண்ணே."

அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"சாமிதுரை திருடன்னு எனக்கு முன்னயே தெரியும். திருடன் மேல பிராது குடுத்து என்னா ஆவப் போவுது? நீங்க வூடு வூடா வந்து சத்தியம் பண்ணீங்க. எருமை செத்ததுக்கு பஸ்ஸ மறிச்சீங்க, எம் புள்ள செத்ததுக்கு நடராசன் பள்ளம்னு எழுதிக் குடுத்தீங்க. அதான் ஒங்க பேரு."

குரலில் கோபமே இல்லை. இரண்டாவது யார் என்று மட்டும் அவர் கேட்டார்.

"நாந்தான். ரெண்டாவது எதிரி பெரியம்மாளுன்னு எழுதுங்க. ஒங்க பேச்சக் கேட்டு நான் ஒரு ஓட்டு போட்டேன். எம் புள்ளைக்கி அதான் மொத ஓட்டு, எங்க குத்தறதுன்னு கேட்டான். பூட்டுலன்னு சொன்னேன். வெரல்ல வச்ச மைய எங்கிட்டதான் மொதல்ல வந்து காட்டுனான். டிப்பர் வந்தப்பவும் நமக்கு எதுக்கு வம்புன்னு கெடந்தேன். எம் பேரு இல்லாம எப்படி?"

தெய்வநாயகம் மறுபடியும் பேனாவை எடுத்தார். உள்ளே அவர் மகள் வெண்மதி தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள், ஏழு மாதம். கொளஞ்சியப்பர் விளையாட்டுச் சாமி இல்லை. நடராசனைக் கவிழ்த்த சாமி. தன் பெயரை எழுதினால் அது தன் மேல்தான் விழும் என்று யார் கண்டது? வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீடு. சாமிதுரையின் பெயரை எழுதலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் தைரியம் இல்லை. இது வெளியே தெரிந்தால் அப்புறம் கட்சியில் முகம் காட்ட முடியாது. அவள் தன் பெயரைத் தானே கேட்டு வாங்குகிறாளே, அதில் என் பாவம் என்ன என்று மனசு மெல்லச் சொன்னது. இத்தனை வருஷம் ஊருக்காக எழுதிய கை, எதிரி என்ற இடத்தில் பெரியம்மாள் என்று மட்டும் எழுதி நிறுத்தியது.

ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். முதல் எதிரி தெய்வநாயகம், இரண்டாம் எதிரி பெரியம்மாள் என்று நிறுத்தி நிதானமாக, காகிதத்தைப் பார்த்தபடியே படித்தார். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு கோயிலுக்கும் போனார். வழியில் வேறு யார் கையிலாவது காகிதத்தைக் கொடுத்துவிடுவாளோ என்கிற பயம்தான். அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. கிலோமீட்டர் கேட்டுப் படிக்காசு வாங்கிக்கொண்டார்கள். குருக்கள் மனுவை வாங்கிப் பிரிக்காமல் சாமி காலடியில் வைத்து, விபூதி போட்டு மடித்துக் கொடுத்தார். வேலைச் சுற்றிலும் நூறு இருநூறு பிராதுகள் தொங்கின. அவளுக்கு முடிச்சுப் போட வரவில்லை. அவர்தான் நூலை வாங்கி இறுக்கிக் கட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தார்கள். பெரியார் நகர் தாண்டியதும் பெரியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க பேர ஒங்க கையாலயே எழுதுனீங்க. இந்த ஊருல வேற எவனுக்கும் அந்த மனசு வராதுண்ணே. கோவத்துல வந்தேன், இப்ப இல்ல. வூட்டுல புள்ளத்தாச்சி வேற இருக்குது. அதனால சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன், அண்ணன வுட்டுடு, எல்லாத்தையும் எம் மேல எறக்குன்னு."

"சாமி கேக்கும்" என்றார் தெய்வநாயகம்.